நிழலைத் தேடி வருகிறவர்கள்



தஞ்சாவூர்ப் பெரிய கோயிலைப் பார்க்க வருகிறவர்கள் என்ன தவறு செய்கிறார்கள் என்று வாசலில் செருப்புக் காப்பவரைக் கேட்டாலே ஒரு பட்டியல் கிடைத்துவிடும். சித்திரை வெயிலில் உச்சிப்பொழுதுக்கு வந்து, வெறுங்காலோடு கல்தளத்தில் இறங்கி, நந்தி மண்டபத்து நிழலுக்குக் குதித்து ஓடுகிறார்கள். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், மாலையில்தான் திறப்பார்கள் என்பது தெரியாமல் மூடிய கதவுக்கு முன்னால் நின்று விழிக்கிறார்கள். பிரதோஷத்தன்று நந்தியைச் சுற்றிக் கூட்டம் நெரியும் என்பதை அறியாமல் கைக்குழந்தையோடு வந்து சிக்கிக்கொள்கிறார்கள். இவையெல்லாம் தவறுகள்தாம். ஆனால் ஒருமுறை பட்டால் திருந்திவிடும் தவறுகள். கால் சுட்டவர் அடுத்த முறை காலையில் வருவார். அவருக்குச் சொற்பொழிவு வேண்டியதில்லை. நான் பேச எடுத்துக்கொண்டது வேறொரு தவறு. செய்கிறவருக்கே அது தெரியாது. மகிழ்ச்சியாக வீடு திரும்புவார், நான்கு பேருக்குச் சொல்வார், அந்த நான்கு பேரும் வந்து அதையே செய்வார்கள்.

கோயிலில் எதைப் பார்க்க வேண்டும் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு வருவதுதான் அந்தத் தவறு. விமானத்தின் நிழல் தரையில் விழாது. உச்சியிலே இருப்பது 80 டன் எடையுள்ள ஒற்றைக் கல். நந்தி வளர்ந்துகொண்டே இருந்தது, முதுகில் ஆணி அடித்த பிறகுதான் நின்றது. வடபுறத்தில் மேலே தொப்பி வைத்த வெள்ளைக்காரன் ஒருவன் இருக்கிறான், அவன் வருவான் என்று ராஜராஜனுக்கு முன்பே தெரியும். பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவிலிருந்து வாட்ஸ்அப் வரைக்கும் இந்த நான்கும் ஒன்றாகவே பயணம் செய்கின்றன. வருகிறவர் நான்கையும் சரிபார்க்கிறார். அண்ணாந்து பார்க்கிறார், தரையைப் பார்க்கிறார், விமானத்தை உள்ளங்கையில் ஏந்துவதுபோல ஒரு படம் எடுத்துக்கொள்கிறார், கிளம்பிவிடுகிறார். அவர் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொண்ட அடித்தளத்தில், அவருடைய இடுப்புக்கும் மார்புக்கும் நேராக, வரிவரியாக எழுத்து ஓடுகிறது. முதுகு அதை மறைத்துக்கொண்டிருக்கிறது. அண்ணாந்து பார்க்கச் சொன்னவர்கள் யாரும் அவரைக் கண்மட்டத்தில் பார்க்கச் சொல்லவில்லை. இந்த அற்புதக் கதைகள் கோயிலைப் பார்க்கத் தூண்டுவதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அவை கோயிலை மறைக்கின்றன என்பதே என் வாதம்.

முதலில் நிழலை எடுத்துக்கொள்வோம். காலை எட்டு மணிக்கோ மாலை நான்கு மணிக்கோ அங்கே நிற்கிற எவருக்கும் விமானத்தின் நிழல் திருச்சுற்றில் நீண்டு கிடப்பது தெரியும். அதைக் காட்டினால், கதை சொல்பவர்கள் ஒரு படி இறங்கி வந்து, 'நண்பகலில் விழாது' என்பார்கள். சரி, நண்பகலையே பார்ப்போம். தஞ்சாவூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 10.8 பாகையில் இருக்கிறது. டிசம்பர் பிற்பகுதியில் நண்பகல் சூரியன் தலைக்கு நேரே இருக்காது. தெற்கே ஏறத்தாழ 34 பாகை சாய்ந்திருக்கும். விமானத்தின் உயரத்தைக் குறைத்து 60 மீட்டர் என்றே வைத்துக்கொண்டாலும், அந்தச் சாய்வில் அதன் உச்சியின் நிழல் நடுவிலிருந்து வடக்கே 40 மீட்டர் போகும். அடித்தளத்தின் பக்கம் ஏறத்தாழ 30 மீட்டர். நடுவிலிருந்து விளிம்புக்கு 15 மீட்டர். ஆக மார்கழி நண்பகலில் கலசத்தின் நிழல், சுவரைத் தாண்டி இன்னும் 25 மீட்டர் தள்ளி, திறந்த வெளியில் தரைமேல் விழுந்தே தீர வேண்டும். ஏப்ரல் மூன்றாம் வாரத்தை ஒட்டியும் ஆகஸ்டு நான்காம் வாரத்தை ஒட்டியும் சூரியன் தஞ்சாவூருக்கு நேர் மேலே வருகிறது. அந்த நாள்களின் நண்பகலில் உச்சியின் நிழல் விமானத்தின் மேலேயே அடங்கிவிடும் என்பது உண்மை. கீழே அகன்று மேலே குறுகும் எந்தக் கட்டடத்துக்கும் அப்படித்தான். அன்றைக்குப் பழைய பேருந்து நிலையத்துக் கம்பத்துக்கும் நிழல் இருக்காது. கம்பத்தை யாரும் அற்புதம் என்பதில்லை.

ஒற்றைக் கல் கதை இதைவிடச் சுவையானது, ஏனென்றால் அதற்குள் ஒரு பொறியியல் ஆசை இருக்கிறது. சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து பல கிலோமீட்டர் நீளத்துக்குச் சாய்தளம் கட்டி, யானைகளை வைத்து அந்தக் கல்லை இழுத்து ஏற்றினார்கள் என்பது கதை. சாரத்துக்கும் சாரப்பள்ளத்துக்கும் ஒலி பொருந்துவதே அதற்கு முக்கியமான சான்று. விமானத்தை அங்குலம் அங்குலமாக அளந்து வரைந்த பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பியர் பிஷாரும், இந்தக் கோயிலையே வாழ்நாள் ஆய்வாகக் கொண்ட குடவாயில் பாலசுப்ரமணியனும், சிகரம் பல கற்களை இணைத்துச் செய்யப்பட்டது என்பதைத் தெளிவாகவே காட்டியிருக்கிறார்கள். இதைச் சொன்னால் சிலருக்கு முகம் வாடிவிடுகிறது. கோயிலின் பெருமையில் 80 டன்னைக் கழித்துவிட்டதுபோல எண்ணுகிறார்கள். எனக்கு அது புரியவில்லை. பெரிய கல்லை இழுத்து ஏற்ற யானை போதும். தனித்தனித் துண்டுகளைத் தரையிலேயே வளைவு பிசகாமல் செதுக்கி, அத்தனை உயரத்தில் ஒன்றோடொன்று பொருத்தி, கீழே நின்று பார்க்கிறவன் ஆயிரம் ஆண்டுக்கும் ஒரே கல் என்று நம்பும்படி செய்வதற்குத் தச்சன் வேண்டும். அந்தத் தச்சனின் பெயரே நமக்குக் கிடைத்திருக்கிறது: குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன். பெயர் கிடைத்த இடம், நாம் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொள்ளும் கோயில்தான்.

நந்தியையும் தொப்பிக்காரனையும் சேர்த்தே சொல்லிவிடலாம். இன்று நாம் வியக்கும் ஒற்றைக்கல் நந்தியும் அதன் மண்டபமும் நாயக்கர் காலத்தவை. தொப்பிக்காரன் உருவமும் பிற்காலத் திருப்பணியில் வந்து சேர்ந்ததுதான். ஐரோப்பியர் கடற்கரைக்கு வந்துவிட்ட பிறகு ஐரோப்பியரைச் செய்வதற்குத் தீர்க்கதரிசனம் தேவையில்லை. அம்மன் கோயில் பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலப் பணி. முருகன் கோயிலின் நுணுக்கமான தூண்கள் நாயக்கர் காலத்தவை. தென்மேற்கே திருச்சுற்றுச் சுவரில் 1803இல் வெட்டிய மராத்திக் கல்வெட்டு, போன்சலே வம்சத்தின் வரலாற்றைத் தேவநாகரி எழுத்தில் நீட்டி முழக்குகிறது. கருவறையைச் சுற்றிய உள்நடையில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் மறைந்திருந்ததை 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார், அதுவரை அப்படியொன்று இருப்பதே வெளியுலகத்துக்குத் தெரியாது. எல்லாவற்றையும் ஒரே மன்னன் ஒரே மூச்சில் கட்டினான் என்று எண்ணிக்கொண்டு நடக்கிறவருக்கு இந்த அடுக்குகள் எதுவும் கண்ணில் படாது. எண்ணூறு ஆண்டுகள் ஒவ்வொரு அரசும் இங்கே தன் கையொப்பத்தை வைக்கத் துடித்ததற்கான காரணத்தையும் அவர் கேட்க மாட்டார்.

பெருமை பேசுகிற ஊர் தன் சுவரைப் படிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தக் கோயிலே சாட்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரைக்கும் இதைக் கட்டியவர் யார் என்பது பொதுவாகத் தெரிந்திருக்கவில்லை. பிரகதீசுவர மாகாத்மியம் என்ற வடமொழித் தலபுராணம் கிருமிகண்ட சோழன் என்பவனைச் சொன்னது. கரிகாலன்தான் என்றனர் சிலர். தமிழில் ஆழ்ந்த புலமை பெற்ற ஜி. யு. போப்பே காடுவெட்டிச் சோழன் என்று எழுதினார். 1886இல் சென்னை மாகாணத்தில் கல்வெட்டு ஆய்வாளராகப் பொறுப்பேற்ற ஜெர்மானியர் ஹுல்ஷ், அடித்தளத்து வரிகளைப் படியெடுத்து, தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் இரண்டாம் தொகுதியில் அச்சிட்ட பிறகுதான் ராஜராஜன் தன் கோயிலுக்குத் திரும்பி வந்தான். இதில் நாம் வெட்கப்பட வேண்டிய செய்தி, சுவர் எங்கும் புதைந்து கிடக்கவில்லை என்பது. மண்ணைத் தோண்டி எடுத்ததல்ல. தினமும் நூற்றுக்கணக்கானோர் வலம் வந்த வழியில், கை எட்டும் உயரத்தில், கட்டியவனின் பெயர் திரும்பத் திரும்ப எழுதியிருந்தது. கதை இருந்ததால் சுவர் தேவைப்படவில்லை. இன்றைக்கு நிழல் கதை செய்கிற வேலையை அன்றைக்குக் கிருமிகண்ட சோழன் கதை செய்தது. பெயர்தான் வேறு.

அப்படி என்னதான் எழுதியிருக்கிறது? விமானத்தின் வடக்கு, மேற்குப் பக்கங்களில் மேல்வரியில் ஓடும் முதல் கல்வெட்டு ஓர் ஆணையோடு தொடங்குகிறது. தன் 26ஆம் ஆட்சியாண்டின் 20ஆம் நாளில், அரண்மனையின் கீழ்ப்புறத்தில் திருமஞ்சன சாலையில் இருந்தபடி, ராஜராஜன் சொல்கிறான்: தான் கொடுத்தவை, தன் அக்கன் கொடுத்தவை, தன் பெண்டுகள் கொடுத்தவை, மற்றவர் கொடுத்தவை எல்லாம் விமானத்துக் கல்லிலே வெட்டப்பட வேண்டும். அக்கன் என்றது குந்தவையை. மன்னனுக்கு அடுத்த இடம் அக்காவுக்கு, அதற்கு அடுத்த இடம் மனைவியருக்கு என்று வரிசை வந்திருப்பதைக் கவனிக்கலாம். 25ஆம் ஆண்டின் 275ஆம் நாளில், அதாவது 1010இல், விமானத்தின் உச்சியில் வைக்கக் கொடுத்த செப்புக்குடத்தின் எடை 3,083 பலம். அதன்மேல் போர்த்திய பொன் தகடு 2,926½ கழஞ்சு. அந்த அரைக் கழஞ்சைப் பாருங்கள். உலகையே வென்றதாகச் சொல்லிக்கொள்கிற ஒரு பேரரசு அரைக் கழஞ்சை விட்டுவிடவில்லை.

இன்னும் கிட்டத்தில் போனால் முத்துகள். அணிகலன் ஒவ்வொன்றையும் விவரிக்கும்போது அதில் கோத்த முத்துகளை இந்தக் கல்வெட்டுகள் வகைபிரித்துத் தருகின்றன: வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, சப்பத்தி, கறடு, இரட்டை, குளிர்ந்த நீர், சிவந்த நீர். வட்டமானது எத்தனை, வட்டத்துக்குக் கொஞ்சம் குறைந்தது எத்தனை, தட்டையானது, சொரசொரப்பானது, இரண்டு ஒட்டியது, ஒளி குளிர்ந்தது, ஒளி சிவந்தது என்று எண்ணி எழுதியிருக்கிறார்கள். இறைவனுக்குக் கொடுத்த நகையில் குற்றமுள்ள முத்தும் இருந்தது என்பதை அவர்கள் மறைக்கவில்லை; எத்தனை குற்றம் என்று கணக்கில் ஏற்றினார்கள். நாளைக்கு எவனாவது நல்ல முத்தை எடுத்துக்கொண்டு மட்டமான முத்தைக் கோத்துவிட்டால் கண்டுபிடிக்க வேண்டுமே. பொன்னை நிறுத்த எடைக்கல்லுக்கு ஆடவல்லான் என்று பெயர், நகையை நிறுத்த கல்லுக்குத் தட்சிணமேரு விடங்கன் என்று பெயர். இரண்டும் இறைவனின் பெயர்கள். கடவுளின் பெயரால் எடை போடுகிறார்கள், ஆனால் எடை போடாமல் விடுவதில்லை. சோழ நாட்டின் நிர்வாக மூளை எப்படி வேலை செய்தது என்பதை விளக்க இந்த முத்துக் கணக்கைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. நிழல் விழாத விமானம் இதில் எதையுமே சொல்லாது.

பிறகு மனிதர்கள். பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயில் ஆடற்பெண்கள், பெயரோடும், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார்கள் என்ற குறிப்போடும், எந்தத் தெருவில் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்ற முகவரியோடும் பதிவாகியிருக்கிறார்கள். ஒருவருக்கு ஒரு பங்கு. ஒரு பங்கு என்பது ஆண்டுக்கு 100 கலம் நெல். அதே பட்டியலில் கணக்கரும் தச்சரும் தையல்காரரும் துணி வெளுக்கும் ஈரங்கொல்லிகளும் முடி திருத்தும் நாவிசரும் வருகிறார்கள். பங்கு பெற்றவர் இறந்தால் அடுத்த உறவினர் அந்த வேலையைச் செய்து நெல்லைப் பெறலாம். தகுதியுள்ள உறவினர் இல்லையென்றால் வேறு தகுதியுள்ளவரை அமர்த்தலாம் என்ற விதியும் உண்டு. திருப்பதியம் பாடுவதற்கு 48 பேர், உடுக்கைக்கு ஒருவர், கொட்டிமத்தளத்துக்கு ஒருவர். ஐம்பது பேருக்கும் நாள்தோறும் ஆளுக்கு மூன்று குறுணி நெல். ஒரு விளக்கு அணையாமல் எரிய நாளொன்றுக்கு உழக்கு நெய் வேண்டும். அதற்கு இடையர்களிடம் 96 ஆடு ஒப்படைத்தார்கள், அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. திருமஞ்சன நீரில் மணத்துக்காக இடும் ஏலத்துக்கும் செண்பக மொட்டுக்கும் இலாமிச்சை வேருக்கும்கூட ஊர்ச் சபைகளிடம் காசு முதலீடு செய்து, காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை, என்று ஏற்பாடு இருந்தது. ஈழத்து ஊர்களிலிருந்தும் நெல்லும் காசும் இலுப்பை எண்ணெயும் வர வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ஈழப் படையெடுப்பின் நீளமான கை எண்ணெய்க் குடம் வரைக்கும் எட்டியதை அந்த வரி காட்டுகிறது.

இங்கே ஒரு கூர்மையான மறுப்பு எழும். அதை நான் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. 'நீங்கள் படிக்கச் சொல்கிற சுவரும் ஒரு கதைதானே? அரசன் தன் புகழுக்குத் தானே வெட்டிவைத்த விளம்பரம். வாட்ஸ்அப் கதையை விட்டு அரசாங்கக் கதைக்குப் போகச் சொல்கிறீர்கள்.' பாதி சரிதான். பல கல்வெட்டுகள் மன்னனின் புகழ் பாடும் மெய்க்கீர்த்தியோடு தொடங்குவது வீண் அல்ல. நானூறு பெண்களின் விருப்பத்தைக் கேட்டு அவர்களைத் தஞ்சைக்குக் கொண்டுவந்தார்கள் என்று எந்த வரியும் சொல்லவில்லை. தஞ்சாவூரைச் சுற்றிக் கல்மலை இல்லை. அத்தனை கல்லையும் ஆற்றுவண்டல் பூமிக்கு இழுத்துவந்தவர்களில் ஒருவர் பெயரும் சுவரில் இல்லை. பெருந்தச்சனுக்கு இடம் கிடைத்தது, கல் சுமந்தவனுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் இந்த மௌனத்தை நாம் கண்டுபிடிப்பது எப்படி? நாவிசன் வரைக்கும் பெயர் எழுதிய ஒரு சுவரைப் படித்த பிறகுதான் அதில் யார் இல்லை என்று கேட்க முடியும். அற்புதக் கதைக்கு அந்த வாய்ப்பே கிடையாது. அதில் யானை இழுத்தது, மன்னன் கட்டினான், அவ்வளவுதான். சுவரை வணங்கச் சொல்லவில்லை, விசாரிக்கச் சொல்கிறேன்.

'பதினோராம் நூற்றாண்டு எழுத்தைச் சாதாரண மனிதன் எப்படிப் படிப்பான்?' என்பது அடுத்தது. முழுதாகப் படிக்க முடியாதுதான். புள்ளி வைத்திருக்க மாட்டார்கள், குறில் நெடில் வேறுபாடு எகரத்திலும் ஒகரத்திலும் தெரியாது, வடசொற்களுக்கு நடுநடுவே கிரந்த எழுத்து வரும். ஆனால் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் அந்தச் சுவருக்கு முன்னால் கால் மணி நேரம் பொறுமையாக நின்றால் க, ட, ப, ம, ர, வ, ன என்று எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தலை தூக்கும். ஒரு சொல் பிடிபட்டுவிட்டால் அது பல இடங்களில் திரும்ப வரும். 'உடையார்' என்பதையும் 'குடுத்த' என்பதையும் தேடிப் பாருங்கள். கிரேக்கக் கல்வெட்டின் முன் நிற்கும் வெளிநாட்டுப் பயணிக்கு இல்லாத சலுகை நமக்கு இருக்கிறது: ஆயிரம் ஆண்டுக்கு முந்திய கணக்குப் புத்தகம், நாம் இன்றும் பேசுகிற மொழியில், நின்ற இடத்திலேயே. அந்தச் சலுகையைத்தான் முதுகுக்குப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொள்கிறோம்.

கதைகள் மக்களின் சொத்து, அவற்றைப் பிடுங்குவது படித்தவர்களின் திமிர் என்று சொல்பவர்களும் உண்டு. தலபுராணத்தை நான் பிடுங்கவில்லை. நம்பிக்கைக் கதை தன்னை நம்பிக்கை என்றே சொல்லிக்கொள்கிறது. ஆனால் நிழல் கதை தன்னை அறிவியல் என்று சொல்லிக்கொண்டு வருகிறது, 'நாசாவே வியக்கிறது' என்ற தோரணையில். அதுதான் வேறுபாடு. பக்திக்கு வருகிறவருக்கு இந்த வரலாறெல்லாம் எதற்கு என்ற கேள்விக்கு என் பதில் எதிர்பாராததாக இருக்கலாம்: அவருக்குத் தேவையே இல்லை, ஏனென்றால் அவர் ஏற்கெனவே சரியாகத்தான் பார்க்கிறார். பிரதோஷத்துக்கு வரும் பாட்டி அவசரப்படாமல் வலம் வருகிறார். நான்கு பக்கச் சுவரும் அவருடைய வலப்பக்கத்தில் மெதுவாக நகர்கின்றன. நின்று இளைப்பாறுகிறார், சண்டிகேசுவரரிடம் நிற்கிறார், மறுபடி நடக்கிறார். கோயில் அந்த நடைக்காகக் கட்டப்பட்டது. சுற்றுலாப் பயணிதான் நேரே போய் நேரே திரும்புகிறார். விமானத்தின் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு முழுதும் பார்த்ததாகக் கணக்கு எழுதுகிறார்.

வழிகாட்டிகளைக் குறை சொல்லி முடித்துவிடுவதும் எளிது. அவர்களுக்குக் கிடைப்பது அரைமணி நேரம், கூட்டம் கேட்பது அற்புதம். வளரும் நந்தியைக் கேட்டவனிடம் முத்து வகைகளைச் சொன்னால் அடுத்த வாடிக்கை கிடைக்குமா என்று அவர்கள் அஞ்சுவது நியாயம். இந்தச் சந்தையைக் கெடுத்ததும் நாம், திருத்த முடிந்ததும் நாம். கேட்கிற கேள்வி மாறினால் சொல்கிற பதிலும் மாறும். 'நிழல் எங்கே விழும்?' என்பதை விட்டு, 'இந்தக் கல்வெட்டில் யார் பெயர் இருக்கிறது?' என்று நான்கு பேர் கேட்கத் தொடங்கினால், அடுத்த மாதமே அதற்குப் பதில் வைத்திருக்கும் வழிகாட்டிகள் வாசலில் இருப்பார்கள். அவர்களில் பலருக்கு விவரம் தெரியாமல் இல்லை, கேட்க ஆளில்லை.

கடைசியாக, நேரம். கும்பகோணத்துக்கும் திருச்சிக்கும் நடுவில் பேருந்து நிற்கும் முக்கால் மணி நேரத்தில் இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன். காலையில் வாருங்கள். கால் சுடாது என்பது சிறிய காரணம். பெரிய காரணம் வெளிச்சம். கோயில் கிழக்கு நோக்கியது, ஆகவே காலைச் சூரியன் வடக்கு, தெற்குச் சுவர்களின்மேல் நேராக விழாமல் உரசிக்கொண்டு போகும். அந்தச் சாய்ந்த ஒளியில் எழுத்தின் பள்ளங்களில் நிழல் நின்று, மங்கிய வரியும் துலங்கும். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து உதிப்பதால் தென்சுவருக்கு அந்த வெளிச்சம்; ஆனி, ஆடியில் வடசுவருக்கு. நண்பகல் வெயிலில் அதே எழுத்து தட்டையாகிவிடும். நிழல் தேடி வருகிறவர் உண்மையிலே தேட வேண்டிய நிழல் இதுதான்: ஓர் உளிவெட்டின் ஆழமே உள்ள நிழல்.

கேரளாந்தகன் திருவாசலையும் ராஜராஜன் திருவாசலையும் கடக்கும்போது இரண்டாவது வாசலில் வாயிற்காவலர் காலடியில் ஒரு நிமிடம் நில்லுங்கள். பாம்பு ஒன்று யானையை விழுங்கிக்கொண்டிருக்கும். யானையை வைத்துப் பாம்பின் அளவை, பாம்பை வைத்துக் காவலனின் அளவை, காவலனை வைத்து உள்ளே இருப்பவனின் அளவைக் கணக்குப் போட்டுக்கொள்ளச் சிற்பி விட்ட இடம் அது. நந்தியிடம் அதிகம் நிற்க வேண்டாம். திரும்பி வரும்போது அது அங்கேயேதான், அதே அளவில்தான் இருக்கும். இடப்பக்கமாகத் தொடங்கித் தென்சுவரை ஒட்டி நடங்கள். எழுத்தைத் தொடாதீர்கள், விரல் எண்ணெயும் குங்குமமும் கல்லில் ஏறினால் இறங்குவதில்லை. சாய்ந்து உட்காராதீர்கள். முழங்காலை மடித்து ஓரிடத்தில் குந்தி, ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகக் கூட்டிப் பாருங்கள். மேற்கே திரும்பி, வடக்கே வரும்போது, அந்த ஆணை ஓடும் மேல்வரி வந்துவிடும். நாற்பது நிமிடம் ஆகியிருக்கும். வெளியே ஓட்டுநர் ஹாரன் அடிக்கத் தொடங்கும் நேரத்தில், அக்கன் கொடுத்தவை என்ற இடத்தை நீங்கள் தேடிக்கொண்டிருப்பீர்கள்.